கார் ஸ்பேர் சாவி கேள்வி பதில்: பட்டன் இல்லாட்டியும் சிப் இருக்கணும்

கும்பகோணத்துல கார் சாவி, இம்மொபிலைசர் (சரியான சிப் சாவி இல்லாட்டி எஞ்சினை ஓட விடாத எலக்ட்ரானிக் பூட்டு), வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்கு முடிஞ்சதிலேர்ந்து தொலைஞ்ச சாவி, ஆத்துல நனைஞ்ச சாவின்னு கேள்வி வந்துக்கிட்டே இருக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனியா சொல்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுக்கலாம். வண்டி மாடல், வருஷம், கையில எத்தனை சாவி இருக்கு, இந்த மூணையும் சேர்த்துக் கேளுங்க.

மன்னார்குடி: 2013 ஸ்விஃப்ட், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. ஒரே சாவிதான் கொடுத்தாங்க. ஷோரூம்ல ரிமோட்டோட ஸ்பேர் சாவிக்குச் சொன்ன விலை கட்டுப்படியாகலை. குறைஞ்ச செலவுல வழி இருக்கா சார்?

இருக்கு. அதுக்கு முன்னால சாவிக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கங்க, செலவு எங்க குறையும்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

சாவிங்கிறது மூணு தனித்தனி பொருள். ஒண்ணு, வெட்டின இரும்புத் தகடு. அது கதவையும் ஸ்டியரிங் பூட்டையும் திறக்கும். ரெண்டாவது, சிப். மூணாவது, பட்டன் வச்ச ரிமோட். கதவைத் தூரத்திலேர்ந்து பூட்டவும் திறக்கவும் மட்டும்தான் ரிமோட். எஞ்சின் ஸ்டார்ட் ஆக வேண்டியது தகடும் சிப்பும்தான்.

சிப்புக்குப் பேட்டரி கிடையாது. சாவி போடுற துவாரத்தைச் சுத்தி ஒரு காயில் இருக்கும். சாவியைத் திருப்பினதும் அந்தக் காயில் 125 கிலோஹெர்ட்ஸ்ல சிப்புக்குக் கரண்டை ஊட்டி, "நீ யாரு?"ன்னு கேட்கும். சிப் சரியான பதில் சொன்னாதான் கம்ப்யூட்டர் பெட்ரோலை விடும். மாருதிக்காரங்க இதைத்தான் ஐகேட்ஸ்னு சொல்றாங்க. ரிமோட் பேட்டரி செத்துக் கிடந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகுறது இதனாலதான்.

அதனால உங்களுக்கு வேண்டியது பட்டன் இல்லாத சிப் சாவி. கட்டிங், சிப், அதை வண்டி கம்ப்யூட்டர்ல பதிவு பண்றது எல்லாம் சேர்த்து, பழைய மாடல்களுக்கு எங்க பக்கம் ஏறக்குறைய ₹1,500-லிருந்து ₹2,500-க்குள்ள முடியும். பீரோவுல கிடக்கப்போற சாவிக்கு ரிமோட் எதுக்கு? ஆசை இருந்தா பின்னாடி போட்டுக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வண்டிங்கிறதால இன்னொண்ணும் பண்ணுங்க. பதிவு பண்றப்ப, "இந்த வண்டியில எத்தனை சாவி பதிவாகியிருக்கு"ன்னு ஸ்கேனர்ல பார்க்கச் சொல்லுங்க. உங்க கையில ஒண்ணு, வண்டியில மூணுன்னு காட்டினா, மத்த ரெண்டும் யார் கையிலயோ இருக்கு. பழசு எல்லாத்தையும் அழிச்சுட்டு உங்க சாவிகளை மட்டும் பதியச் சொல்லுங்க.

இதைத் தள்ளிப் போடாதீங்க. ஒரு சாவி வேலை செய்யறப்ப ரெண்டாவது போடுறது சின்ன வேலை. இருக்கிற ஒண்ணும் போச்சுன்னா செலவு பல மடங்காகும்.

திருவையாறு, ஆசிரியை: பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குப் படித்துறையில சாவி தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு, உடனே எடுத்துட்டோம். வண்டி ஸ்டார்ட் ஆகுது, பட்டன் வேலை செய்யலை. புதுசு வாங்கணுமா?

வேண்டாம்மா, அவசரப்படாதீங்க. சிப் நல்லா மூடி வர்ற பொருள், தண்ணி அதை ஒண்ணும் பண்ணாது. ரிமோட் போர்டுலதான் கோளாறு. கூட்டைத் திறந்து பேட்டரியை முதல்ல கழட்டுங்க. பேட்டரி உள்ள இருக்க இருக்கத்தான் ஈரத்துல கரண்ட் ஓடி செம்புத் தடத்தை அரிக்கும். ஆத்து மண் இருந்தா நல்ல தண்ணியில ஒருதரம் அலசிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல பழைய டூத் பிரஷ்ஷை நனைச்சு மெதுவா தேயுங்க. பேட்டரி உட்காருற கம்பிகள்ல பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கும், அதை விடாதீங்க. நிழல்ல ஒரு நாள் காயட்டும். அப்புறம் புது பேட்டரி. பழைய பேட்டரி மேலயே நம்பர் போட்டிருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032 இல்லன்னா 1620. அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வைக்காதீங்க, தவிட்டுத் தூசி பட்டனுக்கு அடியில போய் உட்கார்ந்துக்கும்.

பாபநாசம்: பழைய இரும்புக் கடையில என் வண்டி மாடலுக்கே ரிமோட் சாவி கிடைக்குது. வாங்கலாமா?

வேண்டாம். பெரும்பாலான சிப் ஒரு வண்டியோட சேர்ந்ததும் பூட்டிக்கும், அடுத்த வண்டியில பதிவாகாது. தகடும் வேற பூட்டுக்கு வெட்டினது.

நாகப்பட்டினம்: சாவிக் கூடு உடைஞ்சுடுச்சு. ஆன்லைன்ல ₹400-க்குப் புதுக் கூடு வாங்கி போர்டை மாத்தினேன், தகட்டையும் வெட்டிட்டேன். கதவு திறக்குது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்னுடுது. சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குது.

பழைய கூடு எங்க? குப்பையில போட்டிருந்தா முதல்ல போய்த் தேடுங்க.

நிறைய மாடல்ல சிப் போர்டுல இருக்காது. கூட்டோட மூலையில தனி குழி வெட்டி அதுக்குள்ள கறுப்பா ஒரு சின்னத் துண்டு சொருகியிருக்கும், சுண்டுவிரல் நகத்துல பாதி இருக்கும். சிலதுல மெல்லிய கண்ணாடிக் குழாய். பிளாஸ்டிக்கோட பிளாஸ்டிக்கா கலந்து போயிடும், பார்த்தா பொருளாவே தெரியாது. பழைய கூட்டை நல்ல வெளிச்சத்துல பிளேடால கீறிப் பாருங்க. ஓங்கித் தட்டாதீங்க, கண்ணாடிச் சிப் உடைஞ்சா அதோட சரி. கிடைச்சதும் புதுக் கூட்டுல அதே குழியில வச்சு ஒரு சொட்டு பசை. வண்டி ஸ்டார்ட் ஆகிடும்.

எல்லாருக்கும் சொல்றேன்: புதுக் கூட்டுல வண்டி ரெண்டு நாள் ஒழுங்கா ஓடுற வரைக்கும் பழைய கூட்டைத் தூக்கிப் போடாதீங்க.

பட்டுக்கோட்டை, மெக்கானிக்: அண்ணே, இவ்வளவு சுத்துவானேன்? பதிவான சிப் ஒண்ணை ஸ்டியரிங் கவருக்குள்ள காயில் பக்கத்துல டேப் போட்டு ஒட்டிட்டா, ₹150 சாதா சாவியிலயே வண்டி எடுக்கும். நான் நிறைய வண்டிக்குப் பண்ணிக் கொடுத்திருக்கேன்.

தம்பி, ஒட்டுறதுக்கே பதிவான சிப் ஒண்ணு வேணுமில்ல? அதுக்குச் செலவு பண்ணியாச்சு. அதே சிப்பைச் சாவித் தலைக்குள்ள வச்சா ஸ்பேர் சாவி. ஸ்டியரிங்குக்குள்ள வச்சா, ஸ்க்ரூ டிரைவரால பூட்டைத் திருப்புறவன் எவனுக்கும் வண்டி சொந்தம். மிச்சம் பிடிச்சது என்ன?

இன்னொரு சங்கதி. ஒட்டின சிப் ஒரு பக்கம், சாவியில இருக்கிற சிப் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே காயிலுக்கு ஒரே நேரத்துல பதில் சொல்லும். ரெண்டு பேச்சும் கலந்து கம்ப்யூட்டருக்கு எதுவும் விளங்காது. ஒருநாள் ஸ்டார்ட் ஆகும், ஒருநாள் ஆகாது. சித்திரை வெயில்ல டேப் பசை இளகி சிப் பெடலுக்குப் பக்கத்துல விழுந்து கிடக்கும்.

திருத்துறைப்பூண்டி: நீங்க சொன்னதும் நினைவுக்கு வருது. என் வண்டியில டேப் எதுவும் இல்லை. ஆனா ரெண்டு சாவியையும் ஒரே வளையத்துலதான் மாட்டியிருக்கேன். சில நேரம் ஸ்டார்ட் ஆக மறுக்குது.

அதே கோளாறுதான். ரெண்டாவதைக் கழட்டி வீட்டுல வைங்க. ஸ்பேர் சாவியை அசல் சாவியோட சேர்த்து மாட்டினா தொலையறப்ப ரெண்டும் சேர்ந்துதான் தொலையும்.

நீடாமங்கலம், விவசாயி: மெக்கானிக் தம்பி சொல்றதுல ஞாயம் இருக்கு சார். என் வண்டி பழைய வண்டி, வித்தா லட்ச ரூபா தேறினா பெரிசு. அறுப்பு நேரத்துல நான், தம்பி, பையன், டிரைவர் நாலு பேரும் எடுப்போம், கொள்முதல் நிலையத்துக்கும் வயலுக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். நாலு சிப் சாவிக்கு எங்க போறது?

உங்க கஷ்டம் புரியுது. ஆனா நாலு பேருக்கு நாலு ரிமோட் சாவி வேண்டாமே. ரெண்டு சாவி வண்டியில பதிஞ்சுக்கங்க, மீதியை அதிலேர்ந்து குளோன் பண்ணலாம். பழைய வண்டிகள்ல நிறைய வர்ற ஐடி46ங்கிற சிப்போட ரகசிய எண் 48 பிட் நீளம்தான். 2012-லயே ஆராய்ச்சியாளர்கள் அதை உடைச்சுக் காட்டிட்டாங்க. அதனால அந்தச் சிப்பை நகல் எடுக்குற மெஷின் இப்ப சாதாரண சாவிக் கடையிலயே இருக்கு. வண்டியில ஸ்கேனர் மாட்டக்கூட வேண்டாம். 128 பிட் வச்ச புதுச் சிப்புல இது அவ்வளவு லேசு இல்லை, அதுக்கு வண்டியிலயே பதியணும்.

வயல் வரப்புல நிறுத்துற வண்டிக்குத்தான் பூட்டு முக்கியம். வீட்டு வாசல்ல நின்னா நாலு பேர் பார்ப்பாங்க, வரப்புல யார் பார்ப்பா?

பட்டுக்கோட்டை, மெக்கானிக்: கம்ப்யூட்டர்லயே இம்மொபிலைசரை ஆஃப் பண்ணிட்டா சிப்பே வேண்டாம், சிக்னல் கலக்குற பேச்சே வராது. திருடன் வரணும்னு முடிவு பண்ணிட்டா டோ பண்ணியே கொண்டு போயிடுவான் அண்ணே.

டோ பண்ணித் தூக்குறதுக்கு இன்னொரு வண்டி வேணும், ஆள் வேணும், சத்தம் வரும். சாதா சாவியில எடுக்குறதுக்கு அரை நிமிஷம். ரெண்டும் ஒண்ணா?

ஆஃப் பண்றதை நான் ஒரே ஒரு இடத்துல ஒத்துக்குவேன். இம்மொபிலைசர் பெட்டியே செத்துப்போய், பாகம் எங்க தேடியும் கிடைக்காத வண்டி. ஷெவர்லே 2017-ல இங்க விற்பனையை நிறுத்தினதுக்கு அப்புறம் அப்படிச் சில வண்டி வருது. அதுக்கும் உரிமையாளர்கிட்ட விஷயத்தை விளக்கி, எழுத்துல வாங்கிக்கிட்டு, தனியா ஒரு மறைவு ஸ்விட்ச் போட்டுக் கொடுக்கணும். சாவிக்கு ஆகுற ரெண்டாயிரத்தை மிச்சம் பிடிக்க நல்லா இருக்கிற பாதுகாப்பைப் பிடுங்கிப் போடக்கூடாது. வாடிக்கையாளருக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. நீங்க சொல்றதை நம்பித் தலையாட்டுறார்.

தஞ்சாவூர், இன்சூரன்ஸ் சர்வேயர்: ஒரு வார்த்தை சொல்லலாமா? கார் திருட்டு கிளெய்ம்ல கம்பெனி முதல்ல கேட்கிறது ரெண்டு அசல் சாவியையும்தான். ஒண்ணு இல்லைன்னா ஏன் இல்லைன்னு கேள்வி வரும். சாவியை ஆய்வுக்கு அனுப்புறதும் உண்டு.

நன்றி சார். நான் வாய் வலிக்கச் சொல்றதை நீங்க மூணு வரியில சொல்லிட்டீங்க. நீடாமங்கலம் அண்ணன் படிச்சீங்களா? உங்க லட்ச ரூபா வண்டியும் உங்களுக்கு லட்ச ரூபாதான்.

பட்டுக்கோட்டை, மெக்கானிக்: சரிண்ணே, டேப் வேலையை விட்டுடறேன். குளோன் மெஷின் எது வாங்கலாம்னு தனியா சொல்லுங்க.

கட்டாயம் சொல்றேன். கடைக்கே வாங்க, ஓட்டிக் காட்டறேன்.

மயிலாடுதுறை: இருந்த ரெண்டு சாவியும் பையோட போச்சு. வண்டி பூட்டி நிக்குது. என்ன பண்றது?

முதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது வாங்குங்க. ரெண்டாவது, பாலிசியை எடுத்துப் பாருங்க. சாவி மாத்துற செலவைக் கொடுக்குற ஆட்-ஆன் சில பேர் எடுத்திருப்பாங்க, எடுத்ததே ஞாபகம் இருக்காது. மூணாவது, வண்டி வாங்கினப்ப சாவியோட சின்னத் தகடோ பிளாஸ்டிக் துண்டோ ஒண்ணு வந்திருக்கும், அதுல நம்பர் பொறிச்சிருக்கும். அது கிடைச்சா பூட்டைக் கழட்டாமலே புதுச் சாவியை வெட்டிடலாம்.

செலவு அதிகம்தான், மறைக்கலை. பழைய சாவி ஒண்ணுகூட இல்லாதப்ப, சில வண்டியில பின் (PIN) கோடுங்கிற அந்த வண்டியோட ரகசிய நம்பரை எடுக்கணும், சில வண்டியில இம்மொபிலைசர் பெட்டியைக் கழட்டி மெமரியை நேரடியா படிக்கணும். சாவிக்காரரை வண்டி நிக்கிற இடத்துக்கே வரச் சொல்லுங்க, டோ செலவு மிச்சம். பையில முகவரி இருந்துச்சுன்னா தொலைஞ்ச ரெண்டு சாவியையும் அழிக்காம விடாதீங்க.

வேதாரண்யம்: ஆன்லைன்ல அச்சு அசலா அதே மாதிரி ரிமோட் பாதி விலையில கிடைக்குது.

எத்தனை மெகாஹெர்ட்ஸ்னு கேளுங்க. நம்ம ஊர் வண்டிகளுக்குப் பெரும்பாலும் 433. வெளிநாட்டு மாடலுக்கான 315 பார்க்க அப்படியே இருக்கும், உங்க வண்டியில பேசாது. உள்ள எந்த சிப்னும் எழுத்துல வாங்கிக்கங்க.

காரைக்கால்: பட்டன் ஸ்டார்ட் வண்டி. ஸ்மார்ட் கீ பேட்டரி தீர்ந்து நடுவழியில நிக்கிறேன்.

கீ ஓரத்துல சின்ன லாக் இருக்கும், தள்ளினா இரும்புச் சாவி வெளிய வரும், கதவைத் திறங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு அந்தக் கீயையே ஸ்டார்ட் பட்டன்ல ஒட்டிப் பிடிச்சு அழுத்துங்க. சில மாடல்ல வைக்கிற இடம் வேற, மேனுவல்ல படம் இருக்கும்.

சீர்காழி: ஸ்கூட்டர் சாவி...

ஸ்கூட்டர் நான் பார்க்கிறதில்லை. டீலர்கிட்ட போங்க.

கும்பகோணம்: என்கிட்ட ஒரே சாவிதான் இருக்கு, ஸ்பேருக்கு எவ்வளவு ஆகும்?

மேல மன்னார்குடிக்காரருக்குச் சொன்னதுதான்.

குத்தாலம்: ஒரு சாவி இருக்கு, இன்னொண்ணு...

மேல இருக்குங்க. மாடலும் வருஷமும் இல்லாம எவ்வளவுன்னு கேட்டா நான் எந்த எண்ணைச் சொன்னாலும் அது பொய்.

ஒரத்தநாடு: சாவிக் கடையில ஆர்.சி. புக்கும் ஆதாரும் கேட்டு, இல்லைன்னதும் திருப்பி அனுப்பிட்டார். என்னைத் திருடன்னு நினைச்சாரா?

இல்லை. உங்க வண்டியை வேற ஒருத்தன் கொண்டு வந்தாலும் அதே கேள்வியைக் கேட்பார். அவர்கிட்டயே போங்க. எதுவும் கேட்காம சாவி போட்டுத் தர்ற கடைக்குப் போகாதீங்க.

வலங்கைமான்: சாவி போட்டு வாங்கறப்ப சரியா பண்ணிட்டாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நல்ல கேள்வி. போகும்போது வீட்டுல இருக்கிற எல்லாச் சாவியையும் எடுத்துட்டுப் போங்க. சில வண்டியில புதுசு பதியறப்ப கூட இல்லாத பழைய சாவி தானா அழிஞ்சிடும். வேலை முடிஞ்சதும் பழைய சாவியை வண்டிக்கு வெளிய பத்தடி தள்ளி யார் கையிலயாவது கொடுத்துட்டு, புதுச் சாவியில எஞ்சினைப் போட்டு ஒரு நிமிஷம் ஓட விடுங்க. சிப் பதியலைன்னா ரெண்டு மூணு செகண்டுல நின்னுடும். அணைச்சு மறுபடியும் ரெண்டு தரம் போடுங்க. டிரைவர் கதவு, டிக்கி, ஸ்டியரிங் பூட்டு மூணையும் இரும்பாலயே திறந்து பாருங்க. சிக்கினா அங்கேயே திரும்ப வெட்டச் சொல்லுங்க. அப்புறம் பழைய சாவியில ஒருதரம் ஸ்டார்ட் பண்ணுங்க, அதுவும் ஓடுதான்னு தெரியணும். இத்தனையும் பார்த்துட்டுப் பணத்தைக் கொடுங்க, பில்லுல சிப் நம்பரையும் எழுதி வாங்கிக்கங்க.