முகப்புச் சாவி யார் கையில்? மழைக்காலக் கேள்வி–பதில்

ஐப்பசி மழைக்கு முன் ஊராட்சியும் தனியாரும் சேர்ந்து என்ன செய்து வைக்கலாம் என்று செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கடற்கரைக்காரர்கள் கவலை நமக்கு எதற்கு என்று இங்கே யாரும் இருந்துவிட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், புதுக்கோட்டை, சிவகங்கை வழியாகத்தான் மேற்கே போனது.

எங்கள் பூர்வீக வீடு நான்கு புள்ளிகளுக்கு (பங்காளிக் குடும்பங்களுக்கு) பொது. எல்லோரும் சென்னையில் இருக்கிறோம். புயல் நேரத்தில் ஊர்மக்களைத் தங்கவைக்க வீட்டைத் தர முடியுமா என்று பேரூராட்சியில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் வாய்வார்த்தையாகக் கொடுக்காதீர்கள். நான்கு பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், அல்லது மூவர் ஒருவருக்கு அதிகாரம் எழுதித் தர வேண்டும். மூன்று பேர் சம்மதித்து நாலாமவரைக் கேட்காமல் விட்டால், மழை கொட்டும் இரவில்தான் அவர் தொலைபேசியில் ஆட்சேபிப்பார்.

எத்தனை பேருக்கு இடம் என்பதை முதலில் கணக்கிடுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு 3.5 சதுர மீட்டர். 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலமுள்ள கூடத்தில் 20 பேர்தான் படுக்கலாம். கழிப்பறை 30 பேருக்கு ஒன்று. பெரிய வீட்டில் ஊரே படுக்கலாம் என்று நினைக்கிறோம். கழிப்பறையோ கொல்லைப்புறத்தில், திறந்தவெளியைத் தாண்டி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். மழையில் நனைந்து, இருட்டில் பெண்கள் அங்கே போகமாட்டார்கள். தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதனால் கூடத்தை அளப்பதற்கு முன் கழிப்பறையை எண்ணுங்கள். கழிப்பறைவரைக்கும் ஒரு நடைப்பந்தலும் பேட்டரி விளக்கும் போட பேரூராட்சியே பொறுப்பேற்பதாக எழுதி வாங்குங்கள். தண்ணீர், குடிக்க 3 லிட்டர், மற்றதற்கு 15 லிட்டர் என்று வைத்தால் 20 பேருக்கு மூன்று நாளில் 1,080 லிட்டர். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் ஒன்றும் நாலைந்து கேன்களும் போதும்.

வெள்ளத்துக்கு இந்த வீடுகள் அருமையான இடம். தரைமட்டம் அவ்வளவு உயரம். புயலுக்கு அப்படிச் சொல்ல முடியாது. முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரத்தில் யாரையும் படுக்க வைக்காதீர்கள். காற்று ஓட்டைத் தூக்கினால் தலையில் விழும். மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைமேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் போட்ட தட்டைக் கூரை) போட்ட அறைகளே பத்திரம். புரட்டாசியிலேயே முற்றத்துத் தூம்பில் (தண்ணீர் வெளியேறும் வடிகாலில்) நாலு வாளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடந்த வீட்டில் தூம்பு இலையும் மண்ணும் அடைத்துத்தான் இருக்கும். அப்புறம் மழைத்தண்ணீர் முற்றம் நிறைந்து கூடத்துக்குள் ஏறும்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: இது வாடகையல்ல, அனுமதி, அக்டோபர் 1 முதல் ஜனவரி 15 வரை, மாவட்ட நிர்வாகம் முகாமை முடித்ததாக அறிவித்த மூன்றாம் நாள் வீடு காலி. சமையல் கொல்லையில் மட்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் படக்கூடாது, முட்டைச்சாந்துச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. இரு தரப்பும் சேர்ந்து ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுத்து இணைத்துவிடுங்கள். சாவி மூன்று: செயல் அலுவலரிடம் ஒன்று, வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒன்று, உள்ளூரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் ஒன்று. ஒரே சாவிதான் என்றால், அது இருப்பவர் அன்றைக்கு மதுரைக்குப் போயிருப்பார்.

அரிசி ஆலை வைத்திருக்கிறேன். ஜெனரேட்டரையும் டிராக்டரையும் ஊருக்குத் தரத் தயார். பணம் கிடைக்குமா என்பதைவிட, சரியாகப் பயன்படுமா என்பதே என் கேள்வி.
– வாசகர், புதுவயல்

சரியான கேள்வி. கஜாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கிராமங்களில் முதலில் நின்றுபோனது குடிநீர். மேல்நிலைத் தொட்டி இருக்கும், ஆழ்துளைக் கிணறு இருக்கும், ஏற்றிவிடக் கரண்ட் இருக்காது. உங்கள் ஜெனரேட்டரின் முதல் வேலை விளக்கல்ல, அந்த மோட்டார்.

5 எச்.பி. மோட்டார் ஓடும்போது இழுப்பது நாலைந்து கிலோவாட்தான். கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். 7.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரைக் கொண்டுபோய் மாட்டினால் திணறி அணைவது இதனால்தான். 15 கே.வி.ஏ.க்குக் கீழே போகாதீர்கள். அதற்கு மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல். காலையில் மூன்று மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்றால் ஐந்து நாளைக்கு 90 லிட்டர். எச்சரிக்கை வந்த அன்றே வாங்கி வையுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் பெட்ரோல் பங்க்கிலும் பம்ப் ஓடாது.

உயிர்போகும் விஷயம் ஒன்று உண்டு. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைன் கரண்ட், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரைப் பம்ப் அறை வயரிங்கில் நேரடியாகச் சொருகக் கூடாது. அந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாகப் புகுந்து, உயரழுத்தக் கம்பியில் 11,000 வோல்ட்டாகவோ 22,000 வோல்ட்டாகவோ வெளியே வரும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத் தொடுவார். பம்ப் அறையில் சேஞ்ச்ஓவர் சுவிட்சைப் பேரூராட்சி இப்போதே பொருத்தட்டும். பொருத்திய பிறகு ஒரு நாள் டிராக்டரில் ஜெனரேட்டரை இழுத்துப் போய் மாட்டி, தொட்டி நிறையும்வரை ஓட்டிப் பாருங்கள். கேபிள் நாலு மீட்டர் குறைவு, மோட்டார் சுற்றும் திசை தலைகீழ் என்பதெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். அப்புறம் மாதம் ஒருமுறை அரைமணி நேரம் லோடோடு ஓட்டுங்கள். தேவைப்படும் நாளில் ஜெனரேட்டரைக் கைவிடச் செய்வது பெரும்பாலும் செத்த பேட்டரிதான்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, பிரிவு 65-இன்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் வாகனத்தையும் இடத்தையும் கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளலாம். பிரிவு 66-இன்படி இழப்பீடு தர வேண்டும். ஓடிய நேரம், ஊற்றிய டீசல் இரண்டையும் நோட்டில் எழுதி, பேரூராட்சிச் செயல் அலுவலரிடம் அன்றன்றே கையெழுத்து வாங்குங்கள்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு) பணத்தை எங்கள் ஊராட்சிக்குக் கேட்கலாமா?
– வாசகர், கல்லல்

கேட்கலாம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135: முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்குச் செலவிடலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பேரிடர் மேலாண்மையும் இருக்கிறது. அந்தப் பணத்தில் வாங்கும் ஜெனரேட்டரையோ படகையோ கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. ஊராட்சி போன்ற பொது அமைப்பின் பெயரில் இருக்கலாம். ஆகவே பராமரிப்புச் செலவு யாருடையது என்பதை முதல் கடிதத்திலேயே எழுதுங்கள். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் போய்ப் பாருங்கள். புயலுக்குப் பின் அரிசியும் போர்வையும் தர எல்லோரும் வருகிறார்கள். நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு யாரும் வருவதில்லை. கேட்டால்தான் தெரியும்.

ஊரணியைத் தூர்வார ஊரில் பணம் சேர்த்திருக்கிறோம். எங்கே தொடங்குவது?
– வாசகர், பள்ளத்தூர்

ஊரணியில் தொடங்காதீர்கள். வரத்துக்காலில் (ஊரணிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில்) தொடங்குங்கள். சர்வேயரை அழைத்துப் புலப்படத்தை வைத்து அளந்து, கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது என்று பாருங்கள். 'நமக்கு நாமே' திட்டத்தில் மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு தரும். நீங்கள் சேர்த்த பணத்தை அந்தப் பங்காகக் காட்டலாம்.

ஜே.சி.பி.காரரை மேற்பார்வையில்லாமல் விடாதீர்கள். மேலே படிந்த வண்டலை மட்டும் அள்ள வேண்டும். அடியிலுள்ள களிமண் படுகையைக் கிழித்துச் செம்பாறைச் சரளைவரை போய்விட்டால், நிறைந்த ஊரணி தை பிறப்பதற்குள் வறண்டுவிடும். தண்ணீர் கூட நிற்கட்டும் என்று கலிங்கில் (மிகுநீர் வழிந்தோடும் இடத்தில்) மணல்மூட்டை அடுக்குவதும் வேண்டாம். பெருமழையில் தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்தால் கரை உடையும்.

தனியாக இருக்கும் வயதான ஆச்சிகளுக்கு எச்சரிக்கையை எப்படிக் கொண்டுசேர்ப்பது?
– வாசகி, தேவகோட்டை

கைபேசிச் செய்தியை நம்பவேண்டாம். தெருவாரியாக ஒரு பட்டியல் போடுங்கள்: வீட்டு எண், எந்த அறையில் படுக்கிறார், என்ன மருந்து, பிள்ளைகளின் எண். எந்த அறை என்பது முக்கியம். முகப்பில் தட்டினால் உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில் படுத்திருப்பவருக்கு மழைச்சத்தத்தில் கேட்காது. அந்த வீடுகளுக்குத் தினமும் போகிறவர் பால்காரர், மருந்தைக் கொடுப்பவர் மெடிக்கல் கடைக்காரர். இருவரையும் குழுவில் சேருங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் பத்து நாள் மருந்தைக் கடைக்காரர் கொடுத்துவிட்டு, பணத்தைப் பிறகு பிள்ளைகளிடம் வாங்கிக்கொள்ள முன்கூட்டியே பேசி வையுங்கள். பட்டியலின் ஒரு நகல் நகராட்சியில் இருக்கட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பின்கதவுச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவைக்க ஆச்சி சம்மதிக்கிறாரா என்று நேரில் போய்க் கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் மகனையோ மகளையோ விட்டுப் பேசச் சொல்லுங்கள்.