ரோபோ போட்டிகளால் ஏஐ ஆராய்ச்சிக்கு என்ன லாபம்? சேலத்துக் கேள்வி பதில்

அம்மாப்பேட்டை மாணவர்: அண்ணா, ரோபோக்கள் பந்து உதைப்பது வேடிக்கைதானே, இதில் ஆராய்ச்சி எங்கே?

தம்பி, சதுரங்கத்தில் காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சந்தேகமே வராது. 1997 மே மாதம் டீப் ப்ளூ என்ற கம்ப்யூட்டர் சதுரங்க உலக சாம்பியன் காஸ்பரோவை வென்றது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானின் நகோயாவில் ரோபோக்களின் கால்பந்துப் போட்டியான ரோபோகப் முதன்முதலாக நடந்தது. ஆனால் மைதானத்தில் பந்து உருளும், எதிரணி மறைக்கும், கேமரா குலுங்கும். 2050க்குள் ரோபோ அணி, கால்பந்தில் மனித உலக சாம்பியன்களை வெல்ல வேண்டும் என்பது இலக்கு. எனக்குப் பிடித்தது, விதியை இறுக்கிக்கொண்டே போவதுதான். முன்பு ஆரஞ்சுப் பந்து, நிறத்தைத் தேடினால் போதும். 2016ல் ஒரு பிரிவில் கறுப்பு வெள்ளைப் பந்தைக் கொடுத்தார்கள், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடிக்க பழைய நிரல் உதவவில்லை.

ஏற்காடு மாணவி: தானியங்கி கார்கள் போட்டியில் பிறந்தவையா?

பெரும்பாலும் ஆமாம்மா. 2004ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லா வண்டிகளை 200 கி.மீ.க்கு மேல் ஓட்டச் சொல்லி 10 லட்சம் டாலர் வைத்தது. அதிக தூரம் போன சாண்ட்ஸ்டார்ம் என்ற வண்டி சுமார் 12 கி.மீ.யில் ஒரு கொண்டை ஊசி வளைவில் ஓரமேறி மாட்டிக்கொண்டது. 20 வளைவு ஏறி இறங்கும் உங்களுக்கு அது நன்றாகப் புரியும்! பரிசு யாருக்கும் இல்லை. அடுத்த ஆண்டே 5 வண்டிகள் 212 கி.மீ.யை முடித்தன. வென்ற ஸ்டான்லி, லேசர் 'இது ஓட்டலாம்' என்று காட்டிய அருகாமைத் தரையைப் பார்த்துத் தன் கேமராவுக்குத் தானே பாடம் எடுத்து, தூரத்து ரோட்டை அடையாளம் கண்டது. அந்த அணித் தலைவர் செபாஸ்டியன் த்ரன்தான் 2009ல் கூகுள் கார் திட்டத்தைத் தொடங்கினார்.

ஓமலூர் வாசகர்: பரிசுக்காகக் குறுக்குவழி தேட மாட்டார்களா?

தேடுவார்கள். 2015ல் டார்பா நடத்திய பேரிடர் மீட்பு ரோபோ போட்டியில் வென்ற கொரியாவின் மனித வடிவ ரோபோ ஹூபோ, தேவையான இடங்களில் காலால் நடக்காமல் மண்டியிட்டுச் சக்கரத்தில் ஓடியது. நான் அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து மாதிரியான இடத்தில் விழாமல் போய் வால்வைத் திருகுவதுதானே வேலை.

அஸ்தம்பட்டி, ஒரு தந்தை: பையனின் லைன் ஃபாலோயர் (தரையில் உள்ள கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ வண்டி) வீட்டில் ஓடியது, போட்டியில் தடுமாறியது. காசு வீணா சார்?

வீணில்லைங்க. எங்கள் பிள்ளைகளின் வண்டியும் ஜன்னல் பக்க வளைவில் மட்டும் கோட்டிலிருந்து விலகியது. சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி வெள்ளையில் நிறையத் திரும்பும், கறுப்பில் குறையும். வெயிலிலும் அதே ஒளி இருப்பதால் கணக்கு குழம்புகிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்புத் தாளில் மறைப்பு ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஓட்டத்துக்கு முன் அதே தரையில் வண்டியைக் கோட்டின் மேல் இப்படி அப்படி நகர்த்தி, மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் எடுத்து, நடு எண்ணை எல்லையாக வைக்கட்டும். காலை வெயிலில் ஒருமுறை, ட்யூப்லைட்டில் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதட்டும்.