சுவரை ஒட்டி ஓடும் காற்று: வேகம் கூடினால் என்ன மாறும்? (கேள்வி பதில்)

தட்டையான பரப்பின் மேல் ஓடும் கொந்தளிப்பு ஓட்டம் (சுழல்களோடு கலங்கி ஓடுவது) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணம்தான்: வழவழப்பான தகடு, அதன் முன்விளிம்பிலிருந்து 2 மீட்டர் தள்ளி ஓர் இடம், மேலே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்று.

கேள்வி: வேகம் இரண்டு மடங்கானால் உராய்வு நான்கு மடங்காகும் என்று படித்தேன். சரியா சார்?

வழவழப்பான தகட்டில் அவ்வளவு ஏறாது. வரிச்சீர் ஓட்டத்தில் (அடுக்கடுக்காக அமைதியாக ஓடுவது) உராய்வு வேகத்தின் 1.5 அடுக்கில் ஏறும். கொந்தளிப்பில் ஏறக்குறைய 1.8 அடுக்கில். நம் தகட்டில் 10 மீட்டர் வேகத்தில் உராய்வுத் தகைவு (சதுர மீட்டருக்கு எவ்வளவு உராய்வு விசை என்பது) 0.21 பாஸ்கல், 20 மீட்டரில் 0.74. அதாவது மூன்றரை மடங்கு.

1870களிலேயே இங்கிலாந்தின் டார்க்கியில் கப்பல் பொறியாளர் வில்லியம் ஃபிரவுட் ஒரு தொட்டி கட்டி, வார்னிஷ் அடித்த பலகைகளை நீரில் இழுத்து இதை அளந்துவிட்டார். 50 அடிப் பலகைக்கு அவருக்குக் கிடைத்த அடுக்கு 1.83. எல்லைப் படலம் (சுவரை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் மெல்லிய அடுக்கு) என்ற கருத்தையே ஜெர்மன் அறிஞர் பிராண்டில் 1904இல்தான் சொன்னார் என்பதை நினைத்தால், அந்த எண்ணின் அருமை புரியும்.

கேள்வி: ஏன் சரியாக 2 வரவில்லை?

இதுதான் விஷயத்தின் மையம். சுவருக்கு அருகே ஓட்டம் வெளிக்காற்றின் வேகத்தைப் பார்த்து நடப்பதில்லை. அங்கே கணக்கு உராய்வு வேகத்தில்தான்: சுவர்த் தகைவை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது. நம் தகட்டில் அது நொடிக்கு 0.42 மீட்டர். காற்றின் இயக்கப் பாகுநிலையை (பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்தது) இதனால் வகுத்தால் ஒரு நீளம் வரும்: 0.036 மில்லிமீட்டர். இதைச் சுவரின் அளவுகோல், அதாவது ஓர் அலகு, என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அளவில் முதல் 5 அலகுவரை பாகுத்தன்மையின் ஆட்சி. திசைவேகம் நேர்கோட்டில் ஏறும். 30 அலகுக்கு மேல், படலத்தின் தடிமனில் சுமார் 15 சதவீதம்வரை, மடக்கை விதி: வேகம் உயரத்தின் மடக்கைக்கு (logarithm) ஏற்ப மெல்ல ஏறும். ஃபான் கார்மான் 1930இல் தந்தது.

சரி, இப்போது வேகத்தை 20 ஆக்குங்கள். சுவரின் அலகு 0.019 மில்லிமீட்டராகச் சுருங்கும், ஏறக்குறைய பாதி. ஆனால் படலத்தின் மொத்தத் தடிமன் 4.4 சென்டிமீட்டரிலிருந்து 3.8க்கு மட்டுமே இறங்கும். உள்ளே இருப்பது வேகமாகச் சுருங்க, வெளியே இருப்பது அதிகம் அசைந்துகொடுக்காததால், நடுவில் மடக்கைப் பகுதி நீள்கிறது. அதனால் வெளிக்காற்றின் வேகம் உராய்வு வேகத்தைப்போல் 24 மடங்காக இருந்தது 25.5 மடங்காகிறது. உராய்வு சற்றுப் பின்தங்குவது இதனால்தான்.

கேள்வி: கணினியில் 10 மீட்டருக்குப் போட்ட மெஷ் (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் சிறு கட்டங்கள்) 20 மீட்டருக்கும் போதுமா? புராஜெக்டுக்கு வேண்டும்.

போதாது தம்பி. சுவர்வரை முழுதாகத் தீர்க்கிறீர்கள் என்றால் முதல் கட்டத்தின் மையம் ஓர் அலகு உயரத்தில் இருக்க வேண்டும். அந்த அலகே பாதியாகிவிட்டதே! மெஷ்ஷைத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: தகட்டில் 0.15 மி.மீ. மணல் ஒட்டியிருக்கிறது. அது வழவழப்பா, சொரசொரப்பா?

வேகத்தைச் சொல்லாமல் இதற்குப் பதிலே கிடையாது. நிகுராட்சே 1933இல் மணல் ஒட்டிய குழாய்களில் காட்டியது இது: மணல் சுமார் 5 அலகுக்குள் இருந்தால் ஓட்டத்துக்கு அது தெரியாது; 70ஐத் தாண்டினால் பாகுத்தன்மைக்கு வேலையே இல்லை. 10 மீட்டர் வேகத்தில் உங்கள் மணல் 4 அலகு, வழவழப்புதான். 20 மீட்டரில் அதே மணல் 8 அலகு, உறுத்தத் தொடங்கிவிடும். 70ஐத் தாண்டிய பிறகுதான் உராய்வு கிட்டத்தட்ட வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். முதல் கேள்வியின் நான்கு மடங்கு அங்கே பொருந்தும்.

கேள்வி: சுவர்த் தகைவை நேரடியாக அளக்கக் கருவி இல்லை. பிட்டோ குழாய் (காற்றின் வேகத்தை அளக்கும் குழாய்) மட்டும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கிளவுசர் 1954இல் சொன்ன வழி இருக்கிறது. மடக்கைப் பகுதியில் பல உயரங்களில் வேகத்தை அளந்து, உயரத்தின் இயல் மடக்கைக்கு (ln) எதிராக வரையுங்கள். நேர்கோட்டின் சாய்வை 0.41ஆல் (ஃபான் கார்மான் மாறிலி) பெருக்கினால் உராய்வு வேகம். சிலர் 0.38 என்பார்கள், சிலர் 0.42, அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நம் தகட்டில் உயரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வேகம் நொடிக்கு 0.7 மீட்டர் கூட வேண்டும். அப்படி வரவில்லை என்றால், குழாய் சுவரிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை முதலில் சரிபாருங்கள்.