இருபது வரைக்கும் சொல்றான், மூணு எடுத்துக் குடுன்னா முழிக்கிறான்: உங்க கேள்விகளும் என் பதிலும்

வணக்கம். 14 வருஷமா 2 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களோடதான் என் வேலை. எண்ணறது, பேச்சு, வார்த்தை பத்தி கேளுங்கன்னு சொன்னேன், நிறைய பேர் கேட்டுட்டீங்க, ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன்.

கேள்வி: அக்கா, பையனுக்கு 3 வயசு. இருபது வரைக்கும் கடகடன்னு சொல்றான். ஆனா மூணு கார் எடுத்துக் குடுடான்னா கை நிறைய அள்ளிட்டு வந்து குடுக்கறான். ஏதாவது பிரச்சனையா?

பதில்: ஒரு பிரச்சனையும் இல்லம்மா. அதிகமா வந்த கேள்வி இதான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். இருபது வரைக்கும் சொல்றது பாட்டு பாடற மாதிரி, வரிசை மனசுல பதிஞ்சிருக்கு, அவ்வளவுதான். எண்ணறது வேற. கெல்மன், கேலிஸ்டல்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1978லயே இதை பிரிச்சு காட்டினாங்க: வரிசை மாறாம சொல்லணும், ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்லணும், கடைசியா சொன்ன எண்தான் மொத்தம்னு புரியணும். இந்த மூணாவதுதான் ரொம்ப லேட்டா வரும். "எத்தனை கார் இருக்கு?"ன்னு கேட்டா அழகா ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவாங்க, "அப்போ எத்தனை?"ன்னா மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க, பாத்திருப்பீங்க.

பொதுவா குழந்தைக்கு முதல்ல "ஒண்ணு" மட்டும்தான் நிஜமா புரியும், மத்ததெல்லாம் "நிறைய". அப்புறம் சில மாசம் கழிச்சு ரெண்டு, இன்னும் சில மாசம் கழிச்சு மூணு. மூணரை, நாலு வயசு வாக்குலதான் மொத்த விஷயமும் பிடிபடும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். அதனால நூறு வரைக்கும் சொல்ல வைக்கறதை விட்டுட்டு நாலுக்குள்ளயே நில்லுங்க. மொத்தத்தை முதல்ல சொல்லிட்டு அப்புறம் எண்ணுங்க: "மூணு கார் இருக்கு பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கார்!" எண்ணின காரை அந்தப் பக்கம் தள்ளி வைக்க சொல்லுங்க, அப்போ ஒண்ணையே ரெண்டு தடவை எண்ண மாட்டான். சின்ன பட்டன், கோலி மாதிரி வாயில போடற சைஸ் சாமானை மட்டும் தயவுசெஞ்சு குடுக்காதீங்க.

கேள்வி: மேடம், 4 வயசு பொண்ணு எல்லாத்துக்கும் விரலை நீட்டி நீட்டி எண்ணறா. நிறுத்தணுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எப்பவும் கூடவே இருக்கற சாமான் விரல்தான். மனசுக்குள்ள எண்ண வந்ததும் அவளே விட்டுடுவா.

கேள்வி: எண்ணு தமிழ்ல சொல்லித் தரணுமா இங்கிலீஷ்லயா? ரெண்டும் சொன்னா குழம்பிடுவாங்கன்னு என் மாமியார் சொல்றாங்க.

பதில்: வீட்ல எந்த மொழியில வாய் ஓயாம பேசறீங்களோ அதுலதான். பெரியவங்க பயம் புரியுது, ஆனா ரெண்டு மொழி கேட்டா குழந்தை குழம்பாது. "மூணு"ன்னா என்னன்னு ஒரு மொழியில புரிஞ்சுட்டா அந்தப் புரிதல் அடுத்த மொழிக்கும் உதவும், வரிசையை மட்டும் தனியா கத்துக்கணும். என் மனசுல பட்டதை சொல்றேன், தமிழ் எண்ணுல ஒரு வசதி இருக்கு. பதினொண்ணுன்னு சொல்லும்போதே பத்தும் ஒண்ணும் காதுல விழுது, இருபத்தி மூணும் அப்படித்தான். லெவன், ட்வெல்வ்ல அந்தக் க்ளூ கிடையாது. ஆனா தமிழ்லயும் ஒரு இடத்துல தடுக்கும், எண்பத்தி ஒன்பதுக்கு அப்புறம். தொண்ணூறுல "நூறு" கேக்குது, "ஒன்பது" கேக்கவே இல்ல, பாவம் பிள்ளைங்க அங்க தடுமாறுறது அவங்க தப்பே இல்ல.

கேள்வி: அக்கா, பையனுக்கு 2 வயசு முடிஞ்சுது. பத்து வார்த்தைதான் பேசறான். ஆம்பளப் பசங்க லேட்டாதான் பேசுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. காத்திருக்கலாமா?

பதில்: தம்பி, இதுல காத்திருக்காதீங்க. ரெண்டு வயசுல சுமாரா 50 வார்த்தையும், "அம்மா வா", "பந்து போச்சு" மாதிரி ரெண்டு ரெண்டா சேத்து பேசறதும் எதிர்பார்ப்போம். ஒரு தடவை குழந்தை டாக்டர்கிட்ட காட்டி, முக்கியமா காது டெஸ்ட் பண்ணிடுங்க. காதுக்குள்ள நீர் கோத்திருந்தா பெரிய சத்தத்துக்கு திரும்பிப் பாப்பாங்க, ஆனா பேச்சு தெளிவா விழாது, வீட்ல யாருக்கும் சந்தேகமே வராது. என்கிட்ட வந்த ஒரு குழந்தைக்கு இதேதான், அது சரியானதும் பேச்சு வர ஆரம்பிச்சுது. ரெண்டு மொழி பேசற வீடுன்னா ரெண்டு மொழி வார்த்தையையும் கூட்டிக் கணக்கு பண்ணுங்க. கூப்பிட்டா திரும்பறானா, வேணுங்கறதை விரல் நீட்டி காட்டறானா, சொன்னது புரியுதான்னும் கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க. முன்னாடி பேசின வார்த்தை காணாம போயிருந்தா இந்த வாரமே போங்க. போய் ஒண்ணும் இல்லைன்னு சொன்னா நிம்மதி, ஏதாவது இருந்தாலும் சீக்கிரமே பிடிச்சுடலாம்.

கேள்வி: ஒன்றரை வயசு. ஃப்ளாஷ் கார்டு வாங்கியிருக்கேன், மொபைல்ல ரைம்ஸ் போடறேன். வேற என்ன பண்ணா வார்த்தை வரும்?

பதில்: மொபைலை இப்போதைக்கு ஓரமா வைங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது, 2 வயசுக்குள்ள ஸ்க்ரீன் வேண்டாம், 2ல இருந்து 4 வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது, குறைஞ்சா இன்னும் நல்லது. வீடியோ குழந்தை பதிலுக்காக காத்திருக்காது, நீங்க காத்திருப்பீங்க, அதான் வித்தியாசம். வெளியூர்ல இருக்கற தாத்தா பாட்டிகிட்ட வீடியோ கால்ல பேசறது வேற, அங்க ஒரு ஆள் பதில் சொல்றாங்க.

கார்டு தப்பில்ல, ஆனா கார்டுல எல்லாமே பேருதான், பந்து, பூனை, பஸ். செய்யற வார்த்தைங்களை யாரும் சொல்லித் தர்றதே இல்லன்னு எனக்கு ஒரு ஆதங்கம். ஊத்து, உருட்டு, மடி, கிழி, திற, ஒளி, இதெல்லாம் கார்டுல எப்படி காட்டுவீங்க? செஞ்சுகிட்டேதான் சொல்லணும். நம்ம மொழியில வினைச்சொல் கடைசியில வர்றதால குழந்தை காதுல அதான் கடைசியா நிக்கும், "தண்ணி ஊத்தறேன், ஊத்தறேன், ஊத்திட்டேன்"னு குளிக்க வைக்கும்போது சொல்லிப் பாருங்க. சொட்டு சொட்டுன்னு, பளபளன்னு, தடதடன்னு நம்மகிட்ட எவ்வளவு இருக்கு, பிள்ளைங்க இந்த மாதிரி சத்தத்தை சட்டுன்னு பிடிச்சுப்பாங்க.

கேள்வி: ஒரே கதைப் புத்தகத்தையே தினமும் படிக்க சொல்றா, 3 வயசு. போர் அடிக்குது, மாத்தலாமா?

பதில்: அவளுக்கு போர் அடிக்கலையே. திரும்பத் திரும்ப கேட்டாதான் வார்த்தை தங்கும். ஆனா நீங்களே முழுசா படிக்காதீங்க, படத்தை காட்டி "இங்க என்ன ஆச்சு?"ன்னு கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணற வரைக்கும் சும்மா இருங்க. "நாய்"னு சொன்னா "ஆமா, கருப்பு நாய் வேகமா ஓடுது"ன்னு கொஞ்சம் நீட்டி திருப்பிக் குடுங்க. தப்பா சொன்னா திருத்தாம, சரியான வார்த்தையை வச்சே பதில் சொன்னா போதும்.

கேள்வி: பேத்திக்கு 5 வயசு. ஆறு மூடியை நெருக்கி வச்சப்ப ஆறுன்னா, அதையே தள்ளித் தள்ளி வச்சதும் இதுதான் அதிகம்ங்கறா. கணக்கு வராதோ?

பதில்: கவலையே வேண்டாம் ஐயா. குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ச்சி பண்ண பியாஜேங்கறவர் ரொம்ப வருஷம் முன்னாடியே கவனிச்சு எழுதின விஷயம் இது. நீளமா தெரிஞ்சா அதிகம்னு அவங்க கண்ணு சொல்லும். 6, 7 வயசுல தானா சரியாகும்.

கேள்வி: மூணரை வயசு. எண் எழுத எப்ப ஆரம்பிக்கலாம்? விளையாட்டா ஏதாவது சொல்லுங்க.

பதில்: எழுத்து அவசரமே இல்ல, கை இன்னும் தயாராகல. ஒரு அட்டையில நேர்கோடா 10 கட்டம் போட்டு 1ல இருந்து 10 வரைக்கும் நீங்க எழுதி, ஒரு காயை நகர்த்தி விளையாடுங்க. சீக்லர், ரமணின்னு ரெண்டு பேர் 2008ல இந்த மாதிரி விளையாட்டை 4, 5 வயசு பிள்ளைங்ககிட்ட செஞ்சு பாத்து, எண்ணைப் பத்தின புரிதல் நல்லா கூடுதுன்னு சொன்னாங்க. ஒண்ணு மட்டும் முக்கியம்: காய் 4ல இருக்கு, ரெண்டு கட்டம் போகணும்னா "ஒண்ணு, ரெண்டு"ன்னு சொல்லக்கூடாது, "அஞ்சு, ஆறு"ன்னு அந்தக் கட்டத்துல இருக்கற எண்ணை சொல்லி நகர்த்தணும். முதல் ரெண்டு மூணு நாள் நீங்களும் கூடவே சேந்து சொல்லுங்க, அப்புறம் அவங்களே உங்களை திருத்துவாங்க.