கேள்வி-பதில்: 'புது எனர்ஜி விதிப்படி கட்டிய ஃப்ளாட்' என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: மேடவாக்கம் பக்கம் எட்டு மாடிக் கட்டடத்தில் மொட்டைமாடிக்குக் கீழே உள்ள ஃப்ளாட்டைப் பார்த்திருக்கிறோம். கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) 900 சதுர அடி, படுக்கையறை இரண்டும் மேற்குப் பக்கம். "புது எனர்ஜி விதிப்படி கட்டுகிறோம், ஏசி செலவு பாதியாகும்" என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: விதி உண்டு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'தான் அது. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் எழும் குடியிருப்புகளுக்கானது. இது மாநிலங்கள் பின்பற்றுவதற்கான ஒரு மாடல் விதிதான். மாநிலமோ உள்ளாட்சியோ தன் கட்டட விதியில் சேர்த்தால்தான் கட்டாயமாகும். அதனால் "பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு" என்பதை இதற்கான ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாதிச் செலவு என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். ஏசி பில் நீங்கள் ஓட்டும் நேரத்தையும் பொறுத்தது.

உங்களுக்கு முதல் கேள்வி கூரைதான். கூரையின் யு-வேல்யூ, அதாவது வெப்பத்தை உள்ளே விடும் அளவு, 1.2க்கு மேல் போகக்கூடாது என்கிறது விதி. வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது 3ஐத் தாண்டும். மேலே வெள்ளை கூல் டைல்ஸ் ஒட்டினால் வெயில் ஓரளவு திருப்பி அனுப்பப்படும், ஆனால் அது மட்டும் யு-வேல்யூவைக் குறைக்காது. தளத்துக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் போர்டு உண்டா, எந்த வகை, எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கூடுதல் பணம் கொடுக்கக் காரணமே இல்லை.

அடுத்தது ஜன்னல். சென்னை போன்ற புழுக்கமான ஊருக்குத் திறக்கக்கூடிய பரப்பு கார்ப்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். உங்களுக்கு 150 சதுர அடி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்துக்கு நாலடி ஜன்னல் 20 சதுர அடி என்று பிளானில் இருக்கும். அது இரண்டு கதவு ஸ்லைடிங் என்றால் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும், 10 என்றே கணக்கு. வெளிப்பக்கம் திறக்கும் கதவு வைத்த ஜன்னலுக்கு 90 சதவீதம் வரை சேரும். பால்கனிக் கதவையும் சேர்த்து நீங்களே டேப் வைத்து அளந்து பாருங்கள்.

சுவரும் ஜன்னலும் சேர்ந்து உள்ளே விடும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் வரம்பு. அந்தக் கணக்குத் தாளை ஆர்க்கிடெக்ட் கையெழுத்தோடு கேட்டு வாங்குங்கள். மேற்கு ஜன்னலுக்கு நல்ல நீளமான சன்ஷேடு இல்லாவிட்டால் நான் அந்த ஃப்ளாட்டை எடுக்க மாட்டேன்.

சொன்னதெல்லாம் அக்ரிமென்ட்டின் ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தில் ஏறட்டும். வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி அக்ரிமென்ட் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. பேரம் பேச அதுதான் சரியான நேரம். விளம்பரத்தில் சொன்னது பொய்யானால் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்கலாம். ஒப்பந்தப்படி இல்லாத தரக்குறைவை, சாவி வாங்கி ஐந்து வருடத்துக்குள் எழுத்தில் சொன்னால், 30 நாளில் தன் செலவில் பில்டர் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14ஆம் பிரிவு. புரோஷரையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: மதுரையில் 1,200 சதுர அடி மனையில் தரைத்தளமும் மாடியுமாகக் கட்டப் போகிறோம். சுயசான்று முறையில் ஆன்லைனில் அனுமதி கிடைக்கும் என்கிறார்கள். எங்களுக்கும் இந்த எனர்ஜி விதி உண்டா?

பதில்: 500 சதுர மீட்டர் என்பது சுமார் 5,380 சதுர அடி, அதனால் இல்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை 2,500 சதுர அடி மனை, 3,500 சதுர அடி கட்டடம் வரை பொருந்தும். மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அப்புறம், விதி கேட்காவிட்டாலும் கூரைக்கு மட்டும் செலவு செய்யுங்கள். தளம் போட்டபின் முதலில் வாட்டர் ப்ரூஃபிங், அதன் மேல் இன்சுலேஷன் போர்டு, பிறகு வாட்டம் விட்ட காங்கிரீட், கடைசியில் டைல்ஸ். போர்டின் கனத்துக்கு ஏற்ப மாடிப்படிக் கதவின் நிலைப்படியையும் கைப்பிடிச் சுவரையும் உயர்த்திக் கட்டச் சொல்லி மேஸ்திரியிடம் இப்போதே பேசிவிடுங்கள். நிலைப்படியை உயர்த்தாமல் கட்டிவிட்டுப் பிறகு போர்டு போட்டால் மழைத்தண்ணீர் படிவழியாக உள்ளே வரலாம்.