கதைகளில் வரும் வில்லனின் உயிர் ஒரு பொருளுக்குள் இருப்பது ஏன்?

வில்லன் தன் உயிரையோ சாவையோ உடலிலிருந்து பிரித்து, வேறொரு பொருளுக்குள் ஒளித்து வைத்திருப்பதையே இப்படிச் சொல்கிறோம். ஏழு கடல் தாண்டிக் கூண்டுக்கிளியில் உயிரை வைத்திருக்கும் நம் கதை மந்திரவாதியின் நெருங்கிய உறவினன் என்று ரஷ்ய நாட்டார் கதைகளின் கோஷ்செய்யைச் சொல்லலாம். அவனுடைய சாவு ஓர் ஊசியின் நுனியில் இருக்கிறது. அந்த ஊசி முட்டைக்குள்ளும், முட்டை வாத்துக்குள்ளும், வாத்து முயலுக்குள்ளும், முயல் ஓக் மரத்தோடு பிணைந்த ஒரு பெட்டிக்குள்ளும் இருக்கின்றன.

வாளால் வெட்டினாலும் சாகாத ஒருவனை வீழ்த்த வழியே இல்லையென்றால் கதை நகராது. ஆகவே கதைசொல்லி அவனுடைய பலவீனத்தை அழிக்காமல் இடம் மட்டும் மாற்றி வைக்கிறார். நகைகளை வங்கி லாக்கரில் வைத்தவர் வீட்டுத் திருடனுக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் சாவி கைமாறினால் ஆபத்துதான். அதனால் நாயகனுக்குத் தோள்வலிமையைவிட இரகசியம்தான் முக்கியமாகிறது. பல வடிவங்களில் அதைச் சிறைப்பட்ட பெண்ணே நயமாகப் பேசிக் கறந்துவிடுகிறாள் (உண்மையான வெற்றி அவளுடையது என்பேன்). எல்லாக் கதைகளிலும் ஊசி வருவதில்லை: மார்யா மொரேவ்னா என்னும் ரஷ்யக் கதையில் கோஷ்செய் குதிரையின் உதை பட்டு வீழ்கிறான்.

அந்தப் பொருள்தான் வில்லனுக்கு வலிமை தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கோஷ்செய்யின் ஊசி அவனுக்கு எந்தச் சக்தியையும் கொடுப்பதில்லை, அவனுடைய சாவை அவனிடமிருந்து தள்ளி வைத்திருக்கிறது, அவ்வளவே.