கொரிய வரலாறு படிக்கக் கொரிய மொழி மட்டும் போதுமா?

கேள்வி: வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். வயது 25. கொரியாவின் நிலவரி வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. கொரிய மொழியை இப்போது எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். மொழிப் பயிற்சிக்கும் சேர்த்து உதவித்தொகை கிடைக்குமா? வெளிநாட்டு மொழி படிக்க அமெரிக்கா தரும் ஃப்ளாஸ் உதவித்தொகைக்கு முயலலாமா?

பதில்: ஃப்ளாஸ் அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் மட்டும்தான். சோவியத் நாட்டின் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த மறு ஆண்டு, 1958-இல், அமெரிக்கா கொண்டுவந்த கல்விச் சட்டத்திலிருந்து வளர்ந்த திட்டம் அது. நீங்கள் அந்த இரண்டு வகையிலும் இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

உங்களுக்குப் பொருந்துவது கொரிய அரசின் ஜிகேஎஸ் உதவித்தொகை. வயது 40-க்குள் இருக்க வேண்டும். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், மாதச் செலவு எல்லாம் அதில் அடங்கும். பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சியும் தருகிறார்கள். பயிற்சி முடிந்து கொரிய மொழித் திறனைச் சோதிக்கும் டோபிக் தேர்வில் 3-ஆம் நிலையாவது எட்ட வேண்டும். தூதரகம் வழியாகவோ பல்கலைக்கழகம் வழியாகவோ, ஏதாவது ஒன்றில்தான் விண்ணப்பிக்கலாம்.

சரி, பணத்தை விட முக்கியமான ஒன்றை உங்களிடம் கேட்க வேண்டும். எந்தக் காலத்து நிலவரி?

முன்பு கொரியாவை ஆண்ட ஜோசோன் அரசர்களின் காலம் என்றால் நிலப் பதிவேடுகள் செவ்வியல் சீனத்தில் இருக்கும். கொரிய மொழிக்கென உருவான ஹங்குல் எழுத்து 15-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டாலும் அரசாங்க எழுத்து வேலை அதில் நடக்கவில்லை. 1910-இல் தொடங்கி 1918 வரை ஜப்பானிய ஆட்சி நடத்திய நில அளவை என்றால் ஆவணங்கள் ஜப்பானிய மொழியில். 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்த பிறகுதான் கொரிய மொழி. அதிலும் சீன எழுத்துகள் நிறையக் கலந்திருக்கும். ஒரே வயலின் கதைக்கு மூன்று மொழி!

நான் இதை முன்பே யோசிக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கொரிய மொழி படித்து, செய்தித்தாள் சரளமாக வாசிக்கும் தெம்பில் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். மேசைமேல் வைத்த பதிவேட்டில் ஹங்குல் எழுத்து ஒன்றுகூட இல்லை. அன்று இரவு அழுதேன். அப்புறம் ஒன்றரை ஆண்டு செவ்வியல் சீனம் படித்தேன். அந்த மாதங்களுக்கு உதவித்தொகை எதுவும் இல்லை. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சமாளித்தேன். அந்தச் சிரமம் உங்களுக்கு வரக்கூடாது.

அதனால், விண்ணப்பக் கட்டுரையில் கொரியப் பண்பாட்டின் மேல் உள்ள ஆசையைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். எந்த ஆவணத் தொகுப்பை வாசிக்கப் போகிறீர்கள், அது எந்த மொழி, அதை எங்கே எப்போது கற்பீர்கள் என்று எழுதுங்கள். செவ்வியல் சீனத்தைக் கொரியர்கள் ஹன்முன் என்பார்கள். அந்த வகுப்பு நடக்கும் துறையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சோங்நாமில் உள்ள கொரிய ஆய்வுக் கழகத்தையும் விசாரியுங்கள். அரச குடும்பத்து ஆவணங்கள் உள்ள சாங்சோகாக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது.

நமக்கு ஒரு வசதி உண்டு. கொரியம், ஜப்பானியம் இரண்டிலும் வினை தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். செவ்வியல் சீனம் அப்படியில்லை, பழகக் கூடுதல் காலம் பிடிக்கும். காலத்தை முடிவு செய்ததும் மறுபடி எழுதுங்கள், உங்கள் கட்டுரையை நானே வாசித்துப் பார்க்கிறேன்.